சந்தை கற்பித்த சாத்திரம்

"என்ன பாடம் படிப்பிக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வது எனக்கு எப்பொழுதும் சங்கடமான காரியமாகவே இருந்து வந்திருக்கிறது. வைத்தியர், எஞ்சினியர், கணக்காளர் என்றால் ஒரு சொல்லில் விடயம் முடிந்துவிடும். நானோ "சர்வதேச வர்த்தகத்தின் அரசியல்" என்று சொல்ல வேண்டியவன். கேட்டவர்களிற் சிலர் நான் கப்பல் வியாபாரம் செய்கிறேன் என்று எண்ணினர். வேறு சிலர் அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று எண்ணினர். கலியாண வீடொன்றிலே உறவினர் ஒருவர், "யாவாரிக்குக் கணக்குத் தெரிஞ்சாப் போதாதோ? அதுக்குள்ளை அரசியல் எங்கை வந்தது?" என்று பலர் முன்னிலையிற் கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானதே. முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றுவிட்ட இந்நாளில், அவருக்கும் அவரைப்போல் ஐயுறும் பெற்றோருக்கும் மாணவருக்கும் அதற்கு விடை கூறலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் நம் அடுக்களைக்குட் சென்று பார்ப்போம். பெரிய வெங்காயத்தை நாம் "பம்பாய் வெங்காயம்" என்கிறோம். சிவந்த பருப்பை "மைசூர்ப் பருப்பு" என்கிறோம். சம்பலுக்கு இடிக்கும் மாசி மாலைதீவிலிருந்து வருவது. கூப்பன் அரிசியிலே வளர்ந்த தலைமுறையினருக்குப் பர்மாவும் சீனாவும் சோற்றுக் கோப்பையினூடாகவே அறிமுகமாயின. இவற்றுள் மைசூர்ப் பருப்பின் கதை வேடிக்கையானது. பெயர் மைசூர், இன்று நாம் உண்பதிற் பெரும்பகுதி விளைவதோ கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும். பெயர் அப்படியே நிற்க, பொருள் வரும் வழி மாறிவிடுகிறது. அவ்வழியை மாற்றுவது வரி, நாணயம், உடன்படிக்கை, போர், தேர்தல் என்னும் மனிதச் செயல்களே. அச்செயல்களை ஆராய்வதுதான் என் தொழில்.

என் ஊர் திருநெல்வேலி. தென்பாண்டி நாட்டுத் திருநெல்வேலியன்று. யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியிலே, நகரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், செம்மண் நிலத்தின்மேல் அமைந்த ஊர். சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் பரமேசுவராக் கல்லூரியை நிறுவிய இடம் இதுவே. அக்கல்லூரி இருந்த வளவிலேதான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றி, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. ஒரு பக்கம் பல்கலைக்கழகம்; மறு பக்கம் சந்தை; இரண்டையும் சூழ்ந்து கிணறும் தோட்டமும். சந்தைக்கும் சாத்திரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கால்நடையாகவே கடந்துவிடக்கூடிய ஊரிற் பிறந்தது என் பாக்கியம்.

என் தந்தையார் தோட்டக்காரர். நான்கைந்து பரப்பு நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் மாறி மாறிப் பயிரிட்டார். 1970ஆம் ஆண்டின் பின் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாயிற்று. தேயிலைக்கு வெளியுலகிற் கிடைத்த விலையைக்கொண்டு வாங்கக்கூடிய அரிசியும் மாவும் எண்ணெயும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போயின. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது நிலைமை முற்றிற்று. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது அல்லது பெரிதும் குறைக்கப்பட்டது. நாடு முழுவதும் பாண் வரிசையில் நின்ற அக்காலத்திலேதான் எங்கள் செம்மண் பொன்னாயிற்று. துலா மிதித்த இடத்தில் மண்ணெண்ணெய் இயந்திரம் நீர் இறைத்தது. ஓலைக் கூரைகள் ஓடாயின. பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்ந்தது.

அதே ஆண்டுகளில் தெற்கிலே தோட்டத் தொழிலாளர்கள் பட்டினியால் வாடினார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. ஒரே கொள்கை ஒருவன் வீட்டுக்கு ஓடு போட்டது. மற்றொருவன் வீட்டு அடுப்பை அணைத்தது. இதனை நான் அறிந்துகொண்டது பின்னாளில். அன்று எங்களுக்குத் தெரிந்தது எங்கள் பாத்தி மட்டுமே.

1977இல் ஆட்சி மாறிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்து வரவுசெலவுத் திட்டத்துடன் இறக்குமதிக் கதவு திறந்தது. கடைகளிலே காணாத பொருட்களெல்லாம் காட்சியளித்தன. மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்ததிற் பிழையில்லை. ஆனால் மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்திறங்கியபோது எங்கள் சந்தை தளர்ந்தது. புதிய இயந்திரத்துக்கும் விதை வெங்காயத்துக்கும் பணம் திரட்ட அம்மாவின் காப்புகள் முன்னரே ஈட்டுக்குப் போயிருந்தன. அறுவடை விற்ற பணம் உரக் கடனுக்கே போதவில்லை. காப்பு மீளவில்லை.

ஒருநாள் மாலை ஐயா வெங்காயக் கொட்டிலுக்குள் நின்றபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, எங்கடை வெங்காயத்துக்கு விலை வைக்கிறவன் ஆர்? சந்தையிலை நிக்கிற யாவாரியோ, கொழும்பிலை இருக்கிறவனோ, இல்லாட்டி எங்கையேன் கண்காணாத சீமையிலை இருக்கிறவனோ?" எனக்கு வயது பதினெட்டு. விடை தெரியாது. அண்ணன் விடையைத் தேடி நிற்கவில்லை. 1979இல் குவைத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். பொருட்களை உள்ளே விட்ட கதவே ஆட்களை வெளியே விட்டது. அவர் அனுப்பிய பணத்தால் அம்மாவின் காப்புகள் மீண்டன. அதே பணத்தால் நான் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்றேன். தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டு வாழ முடியாத வீடு, பெற்ற பிள்ளையின் உழைப்பை ஏற்றுமதி செய்து வாழ்ந்தது. இந்தக் கணக்கு என் நெஞ்சிலே இன்றும் தீராத கணக்கு.

பல்கலைக்கழகத்திலே முதலாண்டிற் கற்ற பாடம் டேவிட் ரிக்கார்டோ என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1817இல் எழுதியது. இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்த்துக்கல் திராட்சை மது வடிக்கட்டும். இரண்டும் பண்டமாற்றுச் செய்தால் இரண்டுக்கும் நன்மை என்பது அதன் சாரம். கணக்கு அழகானது, தருக்கம் பிசகற்றது. எங்களுக்கு அதனைக் கற்பித்த பேராசான் கரும்பலகையில் எண்களை எழுதி முடித்தபின், "அந்தத் துணியும் மதுவும் தாமாகச் சந்தித்துக் கொண்டன என்று நினையாதீர்கள்" என்றார். 1703இலேயே இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. ஆங்கிலக் கம்பளித் துணியைப் போர்த்துக்கல் அனுமதிக்க, போர்த்துக்கல் மதுவுக்குப் பிரெஞ்சு மதுவைவிட மூன்றிலொரு பங்கு குறைந்த தீர்வையை இங்கிலாந்து விதித்தது. பிரான்சு இங்கிலாந்தின் பகைநாடு என்பதே அதற்குள் மறைந்திருந்த இரகசியம். பொருளியல் நூலின் மிகப் புகழ்பெற்ற உதாரணத்துக்குள்ளேயே அரசியல் ஒளிந்திருந்தது கண்டு நான் வியந்தேன். என் வழி அன்றே தீர்மானமாயிற்று.

பின்னர் இரண்டு நூல்கள் எனக்குக் கண் திறந்தன. ஒன்று, அமெரிக்க அறிஞர் சற்சினைடர் 1935இல் வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்கா 1930இல் இறக்குமதித் தீர்வையை உயர்த்தியபோது அந்நாட்டு மன்றத்திலே சாட்சி சொல்ல வந்தவர் யார், வராதவர் யார் என்று அவர் ஆராய்ந்தார். தீர்வையால் இலாபமடையும் சிலர் கூட்டமாக வந்தனர். அதன் சுமையைச் சுமக்கும் பலர் வரவேயில்லை. ஒவ்வொருவர் தலையிலும் விழுவது சில சதமே ஆதலால், அதற்காக ஒருநாட் கூலியை எவர் இழப்பார்? மற்றொன்று, ஆல்பர்ட் ஹேர்ஷ்மன் 1945இல் எழுதியது. 1930களில் ஜெர்மனி தென்கிழக்கு ஐரோப்பாவின் சிறு நாடுகளின் விளைபொருட்களை வாங்கி வாங்கியே அவற்றைத் தன் பிடிக்குட் கொண்டுவந்த விதத்தை அது விளக்கிற்று. உன் பொருளை வாங்குபவன் ஒருவனே என்றால், அவன் உனக்கு வாடிக்கையாளன் மட்டுமல்லன், எசமானனும் ஆவான். சிறு நாட்டில் வாழும் நாம் மனத்திற் பதிக்கவேண்டிய பாடம் இது.

என் ஆராய்ச்சிக்கு நான் தேர்ந்த பொருள் இலங்கைக்கும் சீனாவுக்கும் 1952 டிசம்பரிற் கைச்சாத்தான இறப்பர் - அரிசி உடன்படிக்கை. வாசகர்களுட் பெரியோர் சிலருக்கு அது நினைவிருக்கலாம்; இளையோருக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். கொரிய யுத்தத்தின்போது ஏறிய இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அரிசி விலையோ ஏறிற்று. சீனாவுக்கு இறப்பர் முதலிய போர்த்துறைப் பொருட்களை விற்கலாகாது என்று 1951இல் ஐக்கிய நாடுகள் தீர்மானித்திருந்தன. அவ்வாறு விற்கும் நாட்டுக்கு உதவி இல்லை என்று அமெரிக்கச் சட்டமொன்றும் கூறிற்று. இலங்கையோ அப்போது ஐக்கிய நாடுகளின் அங்கத்தினரே அன்று. 1955இலேதான் அங்கத்துவம் கிடைத்தது. வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவதென ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தது. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலையைச் சீனா தந்தது. பொதுவுடைமைக் கொள்கையை அடியோடு வெறுத்த அரசாங்கம் ஒன்று, பொதுவுடைமை நாட்டுடன் செய்த ஒப்பந்தம் அது! அமெரிக்க உதவி 1956 வரை வரவில்லை. ஆயினும் அந்த ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நின்று நிலைத்தது.

கொள்கையை வயிறு வென்றது என்று இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஏடுகளைப் புரட்டப் புரட்ட எனக்குத் தோன்றியது வேறு. இறப்பர்த் தோட்டக்காரருக்கு விலை வேண்டும். நகரத்தாருக்கு அரிசி வேண்டும். அரசாங்கத்துக்கு வாக்கு வேண்டும். மூன்றும் ஒரே கப்பலில் ஏற முடிந்தபடியால் அக்கப்பல் புறப்பட்டது. ஆயினும் வாங்கிய அரிசியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கப் பணம் போதாமல், 1953இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் ஹர்த்தால் மூண்டு பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். கடல் கடந்து நன்றாகப் பேரம் பேசுவது பாதி வேலை. பேரத்தின் பயனை உள்நாட்டிலே பங்கிடுவது மற்றப் பாதி.

பட்ட மேற்படிப்பை வெளிநாடொன்றில் முடித்து 1989இல் ஊர் திரும்பினேன். மறு ஆண்டே யுத்தம் மீண்டும் மூண்டு குடாநாட்டின்மேற் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், உரம், பற்றரி, சீமெந்து, இரும்பு எனத் தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்து எரித்த விளக்கின் ஒளியிலே மாணவர்கள் படித்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான ஊரில், கையிலிருந்த சில நூல்களையே மாணவர் கொப்பியில் எழுதி எழுதிப் பயன்படுத்தினர்.

அவ்வேளையில் வகுப்பிலே ஒரு மாணவி எழுந்து, "சேர், 1951இல் இறப்பரைப் போர்ப்பொருள் என்றார்கள். இன்றைக்கு டோர்ச்லைற் பற்றரியையும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். எது போர்ப்பொருள், எது வாழ்க்கைப் பொருள் என்று தீர்மானிக்கிறது ஆர்?" என்று கேட்டாள். ஐயா கேட்ட கேள்வியும் இதுவும் ஒரே வேரிற் பிறந்தவை என்பதை உணர்ந்தேன். பொருளுக்குப் பெயரிடும் அதிகாரம் எவனிடம் உண்டோ, அவனிடமே வர்த்தகத்தின் திறவுகோலும் உண்டு. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில், 1995இன் பெரும் இடப்பெயர்வு உட்பட, என் மாணவர் பலர் திசைக்கொருவராகச் சிதறினர். பாடம் மட்டும் நின்றுவிடவில்லை.

இத்துறையிலே நம் நாட்டவர் ஒருவர் உலக அரங்கில் நின்றதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். கலாநிதி காமனி கொரயா 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டுக்குச் செயலாளர் நாயகமாக ஜெனீவாவிற் பணியாற்றினார். ஏழை நாடுகள் விற்கும் தேயிலை, கோப்பி, இறப்பர் போன்றவற்றின் விலை, அவை வாங்கும் இயந்திரங்களின் விலையோடு ஒப்பிடும்போது காலப்போக்கில் இறங்குகிறது என்று அம்மாநாட்டின் முதற் செயலாளர் நாயகமான ஆர்ஜெந்தீனா அறிஞர் ரவுல் பிரெபிஷ் வாதித்தார். அதற்கு மருந்தாக, விலை இறங்கும்போது வாங்கிச் சேமித்து, ஏறும்போது விற்கும் பொதுநிதி ஒன்றை அமைக்கக் கொரயா பாடுபட்டார். 1976இல் நைரோபியில் திட்டம் ஏற்கப்பட்டது; 1980இல் உடன்படிக்கை எழுதப்பட்டது; நடைமுறைக்கு வந்ததோ 1989இல். அதற்குள் உலகின் மனம் மாறிவிட்டது. நிதியும் அவர் எண்ணிய அளவுக்கு வளரவில்லை. நல்ல எண்ணத்துக்கு நல்ல காலமும் வாய்க்க வேண்டும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

யுத்தம் முடிந்தபின் ஒரு கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் வெங்காயச் செய்கையாளர்கள் கூடி என்னை அழைத்தார்கள். இறக்குமதியாகும் வெங்காயத்தின்மேல் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை உயர்த்தும்படி மனு எழுதித் தரவேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ், ஒரு கிலோவுக்கு இத்தனை ரூபா என்று வர்த்தமானி மூலம் அந்த அறவீட்டை விரைவாக மாற்ற வழியிருந்தது. எழுதுவதற்கு நான் பேனாவை எடுத்த வேளை, பின்வரிசையிலிருந்த ஒரு தாயார் எழுந்தார். வெங்காயம் பிடுங்கியும் தாள் வெட்டியும் நாட்கூலி பெறுபவர். "விலை ஏறினா உங்களுக்கு நல்லது ஐயா. நாங்கள் என்னத்தை வாங்கிக் காய்ச்சுறது?" என்றார். மண்டபம் அமைதியாயிற்று.

முப்பது ஆண்டுகளாக நூல்களிற் படித்த அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது. சற்சினைடர் சொன்ன, மன்றத்துக்கு வராதவர் அன்று வந்துவிட்டார்! நான் சார்ந்த பக்கம் எது? வெங்காயக் கொட்டிலில் நின்ற தந்தையின் மகன் நான். ஆயின் அந்தத் தாயார் சொன்னதும் சத்தியம். கரும்பலகையில் இரண்டு நிரல்கள் கீறி, யார் பெறுவர், யார் கொடுப்பர், எந்த மாதத்தில், எவ்வளவு என்று எல்லோரையுங் கேட்டுக் கேட்டு எழுதினேன். கடைசியிலே மனு வேறு வடிவம் பெற்றது. அறுவடை மாதங்களுக்கு மட்டும் அறவீடு. அதனையும் நடுவதற்கு முன்னரே அறிவித்தல். வெங்காயத்தை இருப்பில் வைக்கக் காற்றோட்டமான களஞ்சியம். தட்டுப்பாட்டு மாதங்களில் அறவீட்டைத் தளர்த்தல். எவருக்கும் முழுத் திருப்தியில்லை. ஆயினும் தாளிலே கையெழுத்திட்டவர்களுள் அந்தத் தாயாரும் ஒருவர். என் வாழ்நாளில் நான் எழுதிய கட்டுரைகளுள் அந்த இரண்டு பக்க மனுவையே பெரிதாக மதிக்கிறேன்.

அண்மை ஆண்டுகளும் எனக்குப் புதுப் பாடங்களைத் தந்தன. மனித உரிமை உடன்படிக்கைகளைச் செவ்வனே நிறைவேற்றவில்லை என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் நமக்களித்த விசேட தீர்வைச் சலுகையை நிறுத்தி, 2017 மேயில் மீண்டும் வழங்கிற்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டுச் சில மாதங்களில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பயிர்கள் வாடிவிட்டன. 2023 டிசம்பரில் உள்நாட்டு விலையை அடக்க இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தது. 2024 மே வரை அத்தடை நீடித்தது. நாசிக் கமக்காரன் தெருவில் இறங்கினான். டில்லி இல்லத்தரசி ஆறுதலடைந்தாள். யாழ்ப்பாணத்து இல்லத்தரசி கூடுதல் விலை கொடுத்தாள். எங்களூர்க் கமக்காரன் சிறிது மூச்சு விட்டான். ஒரு தீர்மானம், நான்கு வீடுகள்! ஐயா கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: விலை வைப்பவன் ஒருவனல்லன். பல ஊர்களிலே, பல நிர்ப்பந்தங்களுக்கு உட்பட்டு, ஒருவரையொருவர் காணாத பலர் சேர்ந்து வைக்கிறார்கள். அவர்களுட் கூட்டமாகப் பேசத் தெரிந்தவர்களின் குரலே பெரிதும் எடுபடுகிறது.

இனி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இத்துறையிற் புகுவோர் கணிதத்தை அஞ்சலாகாது. வரலாற்றை அலட்சியம் செய்யலாகாது. ஆங்கிலமும், இயன்றால் வேறொரு மொழியும் வேண்டும். சுங்கத் தீர்வை அட்டவணையைக் கதைப் புத்தகம் போலப் படிக்கும் பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாலையிற் சந்தைக்குப் போய் விலை கேட்கும் கூச்சமின்மை வேண்டும். தடையில்லா வர்த்தகமே மோட்சம் என்பவனையும், இறக்குமதி எல்லாமே நஞ்சு என்பவனையும் ஒருசேர ஐயுறுங்கள். "யாருக்கு?" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுப் பாருங்கள்; பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளை வைத்தியராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும் என்று விரும்புவது இயல்பே. ஆனால் சிறு நாடொன்றின் தலைவிதி, ஒப்பந்த மேசைகளிலே எதிரே இருப்பவர் எழுதிக் கொண்டுவரும் பந்திகளில் அடங்கியிருக்கிறது. அப்பந்திகளை வாசித்து, அவற்றின் பாரம் எந்த வீட்டின்மேல் விழும் என்று சொல்லத்தக்க நூறு பிள்ளைகளாவது நமக்கு வேண்டும். செம்மண் தோட்டத்தில் இரவல் நிலம் வைத்து வெங்காயம் நடுகிறவனின் பிள்ளை அந்த நூறு பேருள் ஒருவராக இருப்பின், மேசையிலே பேசப்படும் பேச்சு சற்று வேறுவிதமாக இருக்கும் என்பது என் துணிபு.